குத்புதீன் தைத்த பாய் உறை

மழைக்காலம் வந்தால் போடி லாரிக்காரர்கள் முதலில் தேடுவது படுதா தைக்கும் குத்புதீனைத்தான். ஏலக்காய் மூட்டை நனைந்தால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை நாய்கூடச் சீண்டாது. குத்புதீன் ஒவ்வொரு தையலிலும் மெழுகு தேய்ப்பார். தைத்து முடித்ததும் நாலு பேரை நாலு மூலையில் பிடிக்கச் சொல்லி, நடுவில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அடியில் வெள்ளை வேட்டியோடு தானே உட்கார்ந்துகொள்வார். வேட்டி நனையாவிட்டால்தான் படுதா கடையை விட்டுப் போகும். இருபது வருடத்தில் ஒருமுறைகூட நனைந்ததில்லை. அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு. நான் லாரி ஓட்டுகிறவன், அவர் படுதாவை நம்பிப் பிழைப்பவன். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஐம்பத்து நாலாம் வருடம் அவரைத் தேடி பால்பாண்டி வந்தார். மலை மெட்டுக்கு மேலே அவருக்குச் சின்னதாக ஏலத்தோட்டம் இருந்தது. யுத்தத்தில் கப்பற்படையில் இருந்தவர். இடது கை விளங்காமல் திரும்பினார். கடல் ஆசை மட்டும் விடவில்லை. கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, தேக்கடி ஏரியில் அனுமதியோடு ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் படுத்துறங்க உள்ளே இடம் உண்டு. மனைவி சந்திரவல்லியோடு கடற்கரையை ஒட்டியே கன்னியாகுமரி வரை போய்வர வேண்டுமாம். ஏலக்காய் போட்டவனுக்கு இது என்ன கேடு என்று எனக்கு எரிச்சல்தான்.

காற்று முற்றினால் பாயை இறக்கியாக வேண்டும். இறங்குகிற பாய், அதன் அடியில் குறுக்கே நீளும் அடிக்கட்டைமேல் ஒழுங்காக விழாது. ஆள்மேல் சரிந்து கண்ணை மறைக்கும். ஆடி மாதம் அப்படித்தான் பால்பாண்டியைப் பாய் மூடிவிட்டது. அந்த ஏரியில் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் நிற்கும். படகு அவற்றில் ஒன்றில் மோதியதைக் கரையிலிருந்து சந்திரவல்லி பார்த்துவிட்டார். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் படகை விற்றுவிட வேண்டும் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"மூணு வழி இருக்குண்ணே," என்றார் பால்பாண்டி. பாயைச் சுருட்டி நாடாவால் கட்டலாம்; அதற்கு இரண்டு கை வேண்டும். பாய்மரத்திலிருந்து அடிக்கட்டைக்கு இருபுறமும் கயிறு கட்டினால் பாய் தொட்டிலில் விழுவதுபோல் நடுவில் விழும். ஆனால் கொஞ்சம் வெளியே பிதுங்கும். மூன்றாவது, அந்தக் கயிறுகளோடு கட்டையின் நீளத்துக்கும் மேலே வாய் திறந்த ஓர் உறை. "எனக்குக் கயிறு மட்டுமே போதும்ணே."

"பிதுங்குனா ஒங்க வீட்டம்மா ஏறுவாகளா தம்பி? உறைதான். எங்கிட்ட விடுங்க," என்றார் குத்புதீன்.

பத்து நாளில் கித்தானில் உறை தயாரானது. அதையும் ஆள் வைத்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். அரை மணி நேரம் நின்ற தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. எல்லாரும் மெச்சினோம். எங்கள் மரமண்டையில் ஒருத்தனுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

ஐப்பசியில் மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். துடுப்பு போட நான். குத்புதீனுக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் தன் உறையைப் பார்க்காமல் இருக்க முடியாதென்று ஏறிவிட்டார். கரையில் சந்திரவல்லி குடையோடு நின்றார்.

நடு ஏரியில் காற்று திரும்பியது. பால்பாண்டி ஒற்றைக் கையால் கயிற்றைத் தளர்த்தினார். பாய் சரசரவென்று இறங்கி முழுதும் உறைக்குள் விழுந்தது. "பாத்தியா மாப்ளே!" என்று குத்புதீன் என் முதுகில் தட்டினார்.

அடுத்த நிமிடம் மழை கொட்டியது. பாய்மரத்தில் வழிந்த தண்ணீரெல்லாம் உறைக்குள் இறங்கியது. அது பானை வயிறாக உப்பியது. கனத்த கட்டை, அதை நடுவில் நிறுத்த பால்பாண்டி பிடித்திருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து என் துடுப்பை அமுக்கியது. படகும் அந்தப் பக்கமே சாய்ந்தது. நானும் பால்பாண்டியும் முட்டுக்கொடுத்தும் கட்டை அசையவில்லை. காற்று எங்களைப் பட்டமரங்களை நோக்கித் தள்ளியது.

"அண்ணே, உறையைக் கிழிங்க!" என்று பால்பாண்டி கத்தினார்.

குத்புதீன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். அது பயமில்லை என்று எனக்குத் தெரியும். தன் தையலில் கத்தி வைக்க அந்த மனுஷனுக்கு மனம் வரவில்லை.

"யோவ், வெரசா!" என்று மரியாதையை விட்டுக் கத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டு அடித்தையலில் குத்தி இழுத்தார். தண்ணீர் மொத்தமும் அவர் நெஞ்சில் பாய்ந்து வேட்டியை நனைத்தது. கட்டை இலேசாகி எழுந்தது. துடுப்பை உருவி மரத்தை முட்டித் தள்ளினேன். ஒரு முழ இடைவெளியில் தப்பினோம்.

கரையில் பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "வித்துர்றேன் வல்லி."

"தப்பு என்னோடதும்மா," என்றார் குத்புதீன். "தண்ணி உள்ள போகாம பாத்தே பழகிட்டேன். போன தண்ணி வெளியேற வழி வைக்கல."

சந்திரவல்லி கிழிந்த உறையைத் தொட்டுப் பார்த்தார். "பாயி இவுக மேல விழுந்துச்சாண்ணே?"

"இல்லம்மா. ஒரு சுருக்குக்கூட வெளிய வரல."

"அப்ப வழி வச்சுத் தைங்க. அடுத்த தடவ நானும் ஏறுறேன்."

புது உறையின் அடியில் பன்னிரண்டு துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம் வைத்துத் தைத்தார் குத்புதீன். முடிந்ததும் வழக்கம்போல் நாலு பேரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். சலவை வேட்டி கட்டி வந்து அடியில் உட்கார்ந்தார். தண்ணீர் பன்னிரண்டு வழியாகவும் தலையில் கொட்டியது. "இன்னும் ஊத்துங்க, இன்னும்," என்றார். முழுக்க நனைந்த பிறகுதான் எழுந்தார்.