மாஸ்டரின் கீழ்த்தாடை

அந்த வீட்டு முன்னறையில் எந்நேரமும் நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். அலமாரி நிறையத் தாடைகள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அதே அளவில், அதே கோணலும் சந்துமாக ரெசின் என்ற பிசின் திரவத்தில் தாடை செய்து கொடுப்பது அங்கே தொழில். அதன் மேல் வைத்துத்தான் டாக்டர்கள் பல்லுக்கு மாட்டும் கேப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் பொருத்திப் பார்ப்பார்கள். முடியளவு பிசகினாலும் நோயாளி கடிக்கும்போது தெரிந்துவிடும்.

அந்த வீட்டுக்காரிக்குத் தெருவில் பல்லம்மா என்றே பெயர். யாராவது சிரித்தால் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். "எங்கிட்ட சிரிச்சுப் பேசவே ஜனங்க பயப்படுறாங்க" என்பாள்.

தொழிலைத் தொடங்கியவர் அவள் கணவர். எல்லோருக்கும் மாஸ்டர். பதினோரு வருடத்துக்கு முன் அந்த லேசர் மெஷினை வாங்கி, மகளைப் பள்ளியில் சேர்ப்பதுபோல நல்ல நேரம் நல்ல இடம் பார்த்து வைத்தவர். ஜன்னல் கண்ணாடி முழுக்க மஞ்சள் தாள் ஒட்டினார். வெயில் பட்டால் ரெசின் உறைந்துவிடும். மெஷினில் ரெசின் ஊற்ற ஒரு தொட்டி. அதன் அடிப்பாகம் தெளிந்த சிலிக்கோன் ரப்பர். லேசர் கீழேயிருந்து அதன் வழியாக வரையும். பட்ட இடம் கெட்டியாகும். ஓர் அடுக்கு முடிந்ததும் தொட்டி பக்கவாட்டில் நகர்ந்து அதை அடியிலிருந்து பிய்த்தெடுக்கும். அப்போது நறநறவென்று ஒரு சத்தம்.

மாஸ்டரும் தூக்கத்தில் அப்படித்தான் பல்லைக் கடிப்பார். பல்லம்மா கன்னத்தில் இரண்டு விரலால் தட்டி, "ஏங்க, பல்லு" என்பாள். விழிக்காமலே நிறுத்திவிடுவார். அதற்காகவே கீழ்ப்பல் வரிசைக்கு ஒரு நைட் கார்டு செய்து வைத்திருந்தார், நகம் போலத் தெளிவான உறை. பாதி நாள் போட மறந்துவிடுவார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு பல்லும் உறுதியாக இருந்தன; உள்ளேதான் ஏதோ விட்டுப்போயிருந்தது.

அதற்குப் பிறகு பல்லம்மாவும் நாத்தனாரும்தான். மாஸ்டரின் தங்கை, தையல் வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து இருந்தவள். மெஷின் அண்ணியின் பொறுப்பு. கழுவுவது, அச்சைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களை வெட்டுவது, எண் எழுதுவது நாத்தனார் பொறுப்பு. வேலை ஓடியது. மெஷின் கம்பெனியின் கடிதம் வந்தபோதுதான் நின்றது. அந்தப் பழைய மெஷினுக்கான ரெசின் குப்பியை இனி தயாரிக்கமாட்டார்களாம். தொட்டியும் கிடையாதாம். புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள், வாழ்த்துகள் என்று முடிந்திருந்தது.

"வாழ்த்து எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"நம்மள வழியனுப்புறாங்கல்ல, அதுக்கு."

புது மெஷினுக்கு வழியில்லை. இருந்த கடைசிக் குப்பி தீர்ந்த அன்று, முக்கால்வாசி வேலை கொடுக்கும் பல் டாக்டரம்மா போனில் பேசினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஆறு தாடை வேணும்மா. சரியா உட்காரணும். முடியலைன்னா சொல்லிடுங்க, நான் பெரிய லேபுக்கே மொத்தமா மாத்திக்கிறேன். உங்க மேல கோபம் இல்ல, நோயாளி காத்திருக்க மாட்டாங்க."

திங்கட்கிழமை அது. வெள்ளிக்குள் வேறு கம்பெனி ரெசின் ஒன்று பொருந்தியாக வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் தாளைக் கிழித்துவிட்டு முன்னறையை வாடகைக்கு விட வேண்டியதுதான்.

ரெசின் விற்பவன் ஒரு குப்பியை மாதிரிக்கென்று இலவசமாகவே கொண்டுவந்து கொடுத்தான். "மேடம், இது எல்லா மெஷினுக்கும் ஒத்துவரும். கண்ணை மூடிக்கிட்டு ஊத்துங்க."

"கண்ணை மூடிக்கிட்டு ஊத்துனா தரையிலதான் ஊத்தணும்" என்றாள் பல்லம்மா.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாதும்பாங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"நம்ம பொழப்பே அதுதானே."

புதுக் குப்பி திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் மாஸ்டருக்கு ஒரு முறை இருந்தது. தெரியாத சரக்கை வேலைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. சோதனைக்கென்று தனியாக ஒரு தொட்டி. அதன் வலது ஓரத்தில் தன்னுடைய கீழ்த்தாடையையே அச்செடுப்பார். அவர் நாக்குக்குத் தெரிந்த தாடை அல்லவா? முன்பல்லில் சோடா மூடியைக் கடித்துத் திறந்தபோது போன மூலை வரைக்கும் இருக்கும். பிறகு நைட் கார்டை அதன் மேல் வைத்து அழுத்துவார். 'டக்' என்று உட்கார்ந்தால் குப்பி தேறியது. ஆடினாலோ ஏறாவிட்டாலோ திருப்பி அனுப்பிவிடுவார். எந்த அளவுகோலையும் அவர் அவ்வளவு நம்பியதில்லை.

எனவே பல்லம்மாவும் அதையே செய்தாள். கணினியில் மாஸ்டரின் தாடையைத் திறந்தாள். அது தானாகவே வழக்கமான வலது ஓரத்தில் போய் நின்றது.

மாலையில், அச்சு ஒட்டியிருந்த மேடை தொட்டிக்கு மேலே உயர்ந்தது. தலைகீழாகத் தொங்கிய தாடையை நாத்தனார் கழுவி நிமிர்த்தினாள். பல்லெல்லாம் வீங்கி, சந்துகள் அடைபட்டிருந்தன. பின்னால் இரண்டு பக்கமும் கடைசிக் கடைவாய்ப் பற்கள் கூழாகக் கிடந்தன.

"அண்ணன் எங்கயோ அடி வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ரெசின் லேசர் இல்லாமல் திரை வெளிச்சத்தில் ஓடும் மெஷினுக்கானது என்று விசாரித்தபோது தெரிந்தது. அங்கே மெல்லிய வெளிச்சம் நிதானமாகக் காயவைக்கும். அதற்கென்று சீக்கிரம் உறையும்படி துடிப்பாகச் செய்த சரக்கு. லேசர் தொட்டதும் வேண்டியதற்கு மேல் கெட்டிப்பட்டுவிட்டது. கடைவாய்ப் பல் கூழானது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. அவசரத்தில் அவள் அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது குப்பி லேசருக்கானதுதான். ஆனால் தேன் போலக் கனம். கம்பெனிக் குப்பியை மெஷின் அடையாளம் கண்டு சூடாக்கி இளக்கும். அந்நியக் குப்பிக்கு அந்த உபசாரமெல்லாம் கிடையாது. அடுக்குக்கு அடுக்கு ரெசின் ஓடி வந்து நிரம்பவில்லை. முன்பற்கள் கிழிந்த துணி போல வந்தன. கடைவாய்ப் பற்கள் இல்லவே இல்லை.

மூன்றாவதுக்கு அவள் விற்பவனை நிற்கவைத்துக் கேட்டாள். எந்த நிற லேசருக்கு? எவ்வளவு நீர்ப்பாக இருக்கும்? சூடில்லாமல் ஓடுமா? இதே மெஷின் வைத்திருக்கும் வேறு யார் வாங்கினார்கள்?

"மேடம், போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்க."

"போலீஸ் இவ்வளவு கேட்டா ஊர்ல திருட்டே இருக்காது. பதில் சொல்லு."

புதன்கிழமை மாலை மூன்றாவது தாடை வந்தது. உதடு மட்டும்தான் இல்லை. உடைந்த மூலையோடு அவருடைய முன்பல், லேசாக உள்வாங்கிய கோரைப்பல், எல்லாம் அச்சு அசல். பல்லம்மா நைட் கார்டை எடுத்து அழுத்தினாள். முன்னால் உட்கார்ந்தது. பின்னால் ஆடியது. கடைசிப் பற்கள் மறுபடியும் மெத்தென்று அமுங்கின.

மூன்று தாடைகளும் ஜன்னலோரம் மஞ்சள் வெளிச்சத்தில் இருந்தன. ஒன்று வீங்கி, ஒன்று கிழிந்து, ஒன்று முழுசாக. மூன்றிலும் அதே பற்கள் தேறவில்லை.

"மூணும் வேற வேற கம்பெனி அண்ணி. எப்படி அதே பல்லு மட்டும் போகும்?" நாத்தனாரின் குரல் இறங்கியது. "அண்ணனுக்கு நாம செய்றது பிடிக்கலையோ என்னவோ."

"பிடிக்கலைன்னா உயிரோட இருந்து சொல்லியிருக்கணும். போய்க் கையைக் கழுவு."

சொன்னாளே தவிர, அடுப்படிக்குப் போகுமுன் மூன்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாஸ்டர் கடைசியாகக் குப்பி சோதித்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. நைட் கார்டு உட்கார்ந்தது, ஆனால் சத்தம் சுருதியில்லாமல் வந்தது. "கடைவாயில கொஞ்சம் மெத்துனு இருக்கு" என்றார். பிறகு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எனக்கே வயசாகுது, அச்சு என்ன செய்யும்?" என்று சிரித்தார். கம்பெனி ரெசின் பழகிய மாடு, தட்டுத் தடுமாறியாவது வீடு வந்து சேர்ந்திருக்கிறது. அன்று அவள் சிரிப்பைத்தான் கவனித்தாள்.

வியாழன் காலை நாத்தனார் சோதனைத் தொட்டியை வடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் வெளிச்சம் போதவில்லை என்று அடுப்படி ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். அங்கே மஞ்சள் தாள் கிடையாது.

"அண்ணி." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அண்ணி, இங்க வாங்க. இதுல அண்ணன் இருக்காரு."

பல்லம்மா கரண்டியோடே வந்தாள். வெயிலுக்கு எதிரே பிடித்த தொட்டியின் அடியில், தெளிந்த சிலிக்கோனுக்குள், பால் சிந்தினாற்போல ஒரு லாட வடிவம். இரண்டு முனைகளிலும், கடைவாய்ப் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில், மங்கல் கெட்டியாக நின்றது. அவள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. கையுறை விரலால் தடவினாள். வழவழப்பாகத்தான் இருந்தது. மேலே ஒட்டியதில்லை அது, உள்ளே போனது.

பதினோரு வருடம். ஒவ்வொரு குப்பிக்கும் அதே தொட்டி, அதே ஓரம், அதே தாடை. போன வழியிலேயே லேசர் போய்ப் போய் அவர் வாயைச் சிலிக்கோனில் பதித்திருக்கிறது. பெரிய பல் உள்ள இடத்தில் அதிகக் கோடு, அதிக மங்கல். அங்கே வெளிச்சத்தின் பலம் பாதிதான் மேலே ஏறும். எந்த ரெசினும் அந்த இடத்தில்தான் தடுக்கி விழும். தொட்டியின் இடது பக்கம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"குத்தம் குப்பியில இல்ல" என்றாள் பல்லம்மா. கரண்டியைக் கழுவித் தொங்கவிட்டாள்.

கணினி முன் உட்கார்ந்து தாடையைத் திறந்தாள். வலது ஓரத்தில் போய் நின்ற அதை மவுஸால் பிடித்தாள். பதினோரு வருடமாக யாரும் நகர்த்தாத தாடை. கட்டிலில் சொல்வதுபோலவே வாயில் வந்துவிட்டது: "கொஞ்சம் தள்ளிப் படுங்க."

நாத்தனார் கேட்டும் கேட்காததுபோல் முட்டுக்கால் வெட்டும் குறட்டைத் தேடினாள்.

நாலு மணிக்கு நாலாவது தாடை இறங்கியது. அதே மூன்றாவது குப்பி. கழுவி, காயவைத்து, பல்லம்மா நைட் கார்டை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள்.

டக்.

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதே சத்தம்" என்றாள்.

"ம்."

"இன்னொரு தடவை அழுத்துங்க அண்ணி."

"வேண்டாம். உட்கார்ந்திருச்சு. உட்கார்ந்ததை ஏன் எழுப்பணும்?"

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, நாளைக் காலை ஆறு தாடையும் வரும் என்றாள். பிறகு சோதனைத் தொட்டியின் வலது பக்கம் டேப் ஒட்டி, இடப்பக்கம் மட்டும் என்று எழுதினாள். தொட்டியை எறிந்திருக்கலாம். புதுசு கிடைக்காது என்பது ஒரு காரணம்.

வேலைத் தொட்டியில் மூன்றாவது குப்பியை ஊற்றி, ஆறு நோயாளிகளையும் இடம் மாற்றி மாற்றிப் பரப்பி வைத்து மெஷினைத் தொடங்கினாள். முதல் அடுக்கு. தொட்டி நகர்ந்தது. நறநற. இரண்டாவது. நறநற.

அவள் மெஷினின் மூடியில் இரண்டு விரலால் தட்டினாள்.

"ஏங்க, பல்லு."

அது நிற்கவில்லை. நிற்கவும் கூடாது, இன்னும் முந்நூறு அடுக்கு பாக்கி இருந்தது.