செங்கோடன் காரும் உதறாத கெடாவும்

எஸ்டேட் கைமாறிய 1999ஆம் ஆண்டு தை மாதத்தில், முதலாளியின் மகன் பழைய ஆட்களைக் கூப்பிட்டு, ஷெட்டில் கிடப்பதில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் ஏணியை எடுத்தார். ஒருவர் மருந்தடிக்கிற மிஷினை எடுத்தார். மாதேஸ்வரன் இரும்புக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு, கொடுத்தவர் மனம் மாறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓட்டமாய் ஓடினார்.

செங்கோடன் காரை எடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் செய்த கார். இடது பக்கம் ஸ்டியரிங். எட்டு சிலிண்டர். முன்பக்கம் ஒரு கட்டில் நீளத்துக்கு இன்ஜின், பின்பக்கம் இன்னொரு கட்டில் நீளத்துக்கு டிக்கி. மனிதர்கள் உட்காரும் இடத்தை இரண்டுக்கும் நடுவே ஏதோ போனால் போகிறது என்று விட்டுவைத்ததுபோல் இருக்கும். 1974இல் முதலாளி இதைக் காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏற்றினார். எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த நீளத்துக்கு எந்த வளைவும் ஒரே திருப்பில் அடங்கவில்லை. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று மூன்று நான்கு தடவை ஆட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் போட ஓர் ஆள் வேண்டும். எழுபது வளைவும் கல்லைச் சுமந்துகொண்டு நடந்து ஏறிய அந்த ஆள், அப்போது இருபத்து நான்கு வயதான செங்கோடன்.

காலையில் கிளம்பியவர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் மேலே வந்தார்கள். "இனிமே இது கீழ எறங்காது" என்றார் முதலாளி. இறங்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஷெட்டிலிருந்து காப்பிக் களம் வரை போனது, களத்திலிருந்து ஷெட்டுக்குத் திரும்பியது. அந்த அளவுக்குச் செங்கோடனும் ஓட்டுவார். கடைசி வருடங்களில் அந்த ஓட்டமும் நின்றுபோனது; ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழுவினார். மற்ற நாளில் எஸ்டேட் வேலை. மிச்ச நேரத்தில் தேவனூர் நாட்டில் தன் சொந்தக் காட்டில் மிளகும் குச்சிக்கிழங்கும் சாமையும். அவரைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரே மறுத்திருப்பார்.

பதினாலு பேர் தள்ளி, காரைச் செங்கோடன் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் மனைவி சென்னம்மாள் வெளியே வந்து காரின் ஓரமாக அடி வைத்து அளந்தாள். பிறகு வீட்டை அளந்தாள்.

"ஏனுங்க, ஊட்ட விட இது ஒரு அடி நீளங்க. நாம இதுக்குள்ள குடி போயிட்டு, ஊட்டுல மாட்டக் கட்டிக்கலாமுங்களா?"

செங்கோடன் சிரித்துக்கொண்டே இருந்தார். அன்று அவருக்கு என்ன சொன்னாலும் சிரிப்புதான் வந்தது.

கீழ்நாட்டிலிருந்து மெக்கானிக் அருணாசலம் பஸ்ஸில் ஏறி வந்தார். விவசாயக் குடும்பம், வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தவர். பானெட்டைத் திறந்ததும் முதலில் கிடைத்தவை கோழி முட்டைகள். பதினொன்று. மூன்று வாரம் வந்து வந்து போனார். மாசி மாதம் ஒரு காலையில் "சாவியத் திருப்புங்ணா" என்றார்.

செங்கோடன் திருப்பினார். முதலில் இருமல். அடுத்து ஒரு தும்மல். பிறகு எட்டு சிலிண்டரும் ஒன்றாய்ப் பிடித்துக்கொண்டன. கூரையில் காய்ந்த மிளகு உருண்டது. நாய்கள் கல்யாண வீட்டைக் கண்டதுபோல் ஓடி வந்து, பக்கத்தில் வந்ததும் மனம் மாறித் திரும்பி ஓடின. அடுத்த மேட்டிலிருந்து யாரோ "மேலத் தெருவுல பொக்லைன் வந்துருச்சாடா?" என்று கூவினார். செங்கோடன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என்ன சொன்னோம் என்று அவருக்கும் பிறகு நினைவில்லை.

அணைத்த பிறகு அருணாசலம் கையைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டு வழிதாங்ணா. ஒண்ணு, பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டாந்து நிறுத்தறது. கோயமுத்தூரு, மெட்ராஸுன்னு அலைஞ்சா சாமான் கெடைக்கும். இன்னொண்ணு, பின்சீட்டோட சேத்து அறுத்துப் போட்டுட்டு, டீசல் இன்ஜின் வெச்சு லோடு வண்டியா பாடி கட்டிக்கறது. ரெண்டும் நான் செய்வேன். எதுன்னு நீங்க சொல்லோணும்."

"இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது?" என்றாள் சென்னம்மாள். "முப்பது வருசமா கெழங்கு மூட்டையத் தலைல வெச்சு பஸ்ஸு ரோடு வரைக்கும் நடக்கறேன். வாசல்ல ஒரு இன்ஜினு வந்து நிக்குது. அறுங்க."

"அறுக்கப்படாது புள்ள" என்றார் செங்கோடன்.

"ஏனுங்க?"

செங்கோடனிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் வாய்தான் இல்லை. அந்த வண்டி ஒரு வளைவை, ஒரே ஒரு வளைவையாவது, கல் போடாமல் ஒரே வீச்சில் சுற்றி வருவதைப் பார்க்க வேண்டும். கல் தூக்கிய நாளிலிருந்து அந்த ஆசை. ஐம்பது வயது மனிதர் இதை மனைவியிடம், அதுவும் கழுத்து வலிக்கிற மனைவியிடம், எப்படிச் சொல்லுவார்?

ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரும்புக் கட்டில் மாதேஸ்வரன் செங்கோடன் பக்கம்.

"இன்ஜினயும் மாத்தி, பின்னாடியும் அறுத்துட்டா, அப்பறம் இது அந்தக் காரே இல்லீங்களே அக்கா."

"எங்க மாமனாருக்குக் கண்ணுல பொரை எடுத்து வேற வில்லை வெச்சாங்க. அதுக்கப்பறம் அவரு வேற ஆளாயிட்டாரா? அதே ஆளுதான். அதே வாயிதான்."

"கண்ண மாத்தலாமுங்க. இடுப்புக்குக் கீழ அறுத்துட்டா?"

கூட்டம் சிரித்துச் சரிந்தது. கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. எத்தனை உறுப்பு மாறும் வரை ஒரு பொருள் அதே பொருளாக இருக்கிறது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். மாதேஸ்வரன் விடை கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வியை இடுப்பில் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர்தான்.

முடிவு ஆகாத விஷயத்தைச் சாமியிடம் விடுவது வழக்கம். சோளக்காடு ஊருக்குக் கீழே மூன்றாவது வளைவில் ஒரு கருப்பணார் கோயில் உண்டு. கெடாவை நிறுத்தி, கேள்வியைச் சொல்லி, மூன்று தடவை வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கெடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதம். கெடாவை வெட்டிப் பொங்கல் வைக்கலாம். மூன்று தண்ணீருக்கும் உதறாவிட்டால் சம்மதம் இல்லை. கெடாவும் வீட்டுக்குத் திரும்பிவிடும். வீட்டுப் பெண்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கோயில் முறை. பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள்.

செங்கோடன் அன்று முழுக்க யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. சென்னம்மாள் கேட்பாள்: "அறுக்கலாமா சாமி?" தண்ணீர் பட்ட ஆடு உதறத்தான் செய்யும்; உதறினால் கார் போச்சு. உதறாத கெடாவுக்கு எங்கே போவது? திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. பழக்கினால் போகிறது.

மறுநாள் விடியலில், சாமிக்கென்று குறித்திருந்த தன் கருப்புக் கெடாவைத் தொழுவத்துக்குப் பின்னால் ஓட்டிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். கெடா உதறிய உதறலில் அவர்தான் குளித்தார். உடனே துண்டால் அதைத் துவட்டி, ஒரு பிடி முருங்கைத் தழை கொடுத்தார். இரண்டாம் நாள் பாதி உதறல். ஐந்தாம் நாள் காதை மட்டும் ஆட்டியது. எட்டாம் நாள், மாசிக் குளிரில் மூன்று சொம்பு ஊற்றியும் கண்ணை மூடிக்கொண்டு, துண்டு எப்போது வரும் என்று நின்றது. "என் ராசா" என்று அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தார் செங்கோடன். இருபத்தைந்து வருடம் கார் கழுவிய கை; கெடா ஒன்றும் பெரிதில்லை.

வெள்ளிக்கிழமை காரிலேயே போனார்கள். செங்கோடன் ஓட்ட, சென்னம்மாள் முன்னால், அருணாசலமும் கெடாவும் பின்சீட்டில். மாதேஸ்வரனும் ஊர்க்காரர்களும் முன்னாலேயே நடந்து போய்விட்டார்கள். இறக்கத்தில் மூன்று வளைவு. மூன்றிலும் சென்னம்மாள் கல்லோடு இறங்கி, சக்கரத்துக்குப் போட்டு, எடுத்துக்கொண்டு ஏறினாள். "கட்டிக்கிட்டு வந்தப்ப இதச் சொல்லலீங்களே" என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னாள்.

பூசாரி கெடாவை நிறுத்தினார். "கேளும்மா."

சென்னம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"சாமி, வண்டி முழுசா இப்படியே இருக்கட்டுமுங்களா?"

செங்கோடன் ஓர் அடி முன்னால் வந்தார். கேள்வி திரும்பி நிற்கிறது! அவர் "ஏ... புள்ள..." என்று வாயெடுப்பதற்குள் பூசாரி முதல் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

கெடா அசையவில்லை.

"உதறுடா" என்று முணுமுணுத்தார் செங்கோடன்.

இரண்டாவது தண்ணீர். கெடா சுகமாகக் கண்ணை மூடியது.

"என்னடா இது, கல்லுல செஞ்ச கெடாவா?" என்றார் மாதேஸ்வரன். செங்கோடன் தன் தோளை உதறினார், தலையை உதறினார், ஒரு காலையும் உதறிக் காட்டினார். கெடா பார்த்தது, கற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாவது தண்ணீர். கெடா நிதானமாக நடந்து செங்கோடனிடம் வந்து, ஈர உடம்பை அவர் வேட்டியில் சாய்த்து, தோளில் இருந்த துண்டை அண்ணாந்து பார்த்தது.

"சம்மதம் இல்ல" என்றார் பூசாரி. "வண்டிய அறுத்துருங்க. கெடாவக் கூட்டிட்டுப் போங்க."

மறுபடி வண்டியில் ஏறினார்கள். கதவைச் சாத்தியதும் சென்னம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் என்னங்க பண்ணட்டும்? உங்களுக்காகத்தான் அப்படிக் கேட்டேன்."

"எனக்காகவா?"

"பத்து நாளா நீங்க விடியக்காலம் எந்திரிச்சு சாமி கெடாவக் குளிப்பாட்டித் தொவட்டி உடறதப் பாத்தேனுங்க. காப்பிகூடக் குடிக்காம. இந்த மனுசனுக்கு இதுமேல இவ்வளவு பக்தியா, போவுது, கழுத்து வலிச்சா வலிக்குதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

வண்டி கிளம்பியது. செங்கோடன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "பக்தி இல்ல புள்ள. உதறாம இருக்கப் பழக்குனேன்."

"என்னது?"

"நீ அறுக்கலாமான்னுதான் கேப்பேன்னு..."

பின்சீட்டில் அருணாசலம் கெடாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சென்னம்மாள் முதலில் முறைத்தாள். பிறகு அவள் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அவள் அப்படிச் சிரித்துச் செங்கோடன் பார்த்ததே இல்லை; முன்சீட்டில் முட்டிபோட்டுத் திரும்பி, "கெடாவுக்கு... பள்ளிக்கூடம்... நடத்தியிருக்காருங்க..." என்று கெடாவிடமே முறையிட்டாள். அவருக்கும் பற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கால் எதை மிதிக்கிறது என்று தெரியவில்லை.

"அண்ணா, வளைவு! வளைவு!" என்று கத்தினார் அருணாசலம்.

செங்கோடன் ஸ்டியரிங்கை முடிந்தவரை ஒடித்தார். நிறுத்த நேரமில்லை. எட்டு சிலிண்டரும் ஒன்றாய் உறுமின. பனியில் நனைந்த ரோட்டில் பின்பக்கம் பிடி விட்டு வழுக்கியது. அந்த முழு நீளமும், வாசலில் வீட்டைத் தோற்கடித்த அந்த நீளம், நடனக்காரியின் பாவாடைபோல் வீசிச் சுழன்றது. மரம், பள்ளம், வானம், மறுபடி மரம். வண்டி அடுத்த ஏற்றத்தை நேராகப் பார்த்து நின்றது.

ஒரே திருப்பு. கல் இல்லை.

சென்னம்மாள் கதவைப் பிடித்திருந்த கையை விடாமல், மூச்சு வாங்கக் கேட்டாள்: "ஏனுங்க, வண்டி இப்படியேதான் இருக்கட்டுமே?"

பின்சீட்டில் பயத்தில் விறைத்திருந்த கெடா, கொம்பிலிருந்து வால் வரை உடம்பைச் சிலிர்த்து உதறியது. மூன்று தண்ணீரும் ஒன்றாய்ப் பறந்தன. அருணாசலம் முழுக்க நனைந்தார்.

"பாத்தீங்களா!" என்றாள் சென்னம்மாள். "கேள்வி அதேதான். கெடாதான் யோசிச்சுச் சொல்லுது."

"கோயில்ல உதறுனாத்தானுங்க கணக்கு" என்றார் அருணாசலம், முகத்தைத் துடைத்தபடி.

"கருப்பணார் இங்கிருந்து ஒரு வளைவுதானே. அவருக்குக் காது கேக்காதா? தம்பி, நீங்க மெட்ராஸுல சாமான் பாருங்க. பின்சீட்டு மட்டும் கழட்டி மாட்டற மாதிரி பண்ணிக்குடுங்க. வாரச் சந்தைக்குக் கெழங்கு மூட்ட அங்க வரும். டிக்கில நாலு மூட்ட. அறுக்க வேணாம்."

"பொறந்த மாதிரிதானே வேணும்னீங்க?"

"பொறந்த மாதிரியேதான். பொறந்தவங்கள்ல யாரு மூட்ட தூக்காம இருக்கறாங்க?"

செங்கோடன் கியரைப் போட்டார். இருபத்தைந்து வருடம் பார்க்க நினைத்தது கிடைத்துவிட்ட மனிதருக்குப் பேச என்ன இருக்கிறது? இன்னொன்று கேட்கத்தான் இருந்தது.

"அடுத்த வளைவுக்குக் கல்லு போட எறங்கறியா புள்ள?"

சென்னம்மாள் காலடியில் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கி, அதை ரோட்டோரச் சாக்கடையில் வீசினாள்.

"மிதிங்க" என்றாள்.

அடுத்த வளைவு அடங்கவில்லை. அருணாசலமும் அவளுமாக இறங்கி, வேறு கல் தேட வேண்டியதாயிற்று. கெடா இறங்க மறுத்துவிட்டது.