ஜெல் பாலிஷ் புட்டியில் தேடிய தேதி

நேற்று மாலை அண்ணன் மகளின் திருமண வரவேற்பு. அதற்காக மனைவியைத் தி.நகரில் ஒரு நக அழகு நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன்.

அங்கிருந்த பெண் எடுத்த ஜெல் பாலிஷ் புட்டி, பிரபல நிறுவனத்தின் புட்டியைப் போலவே இருந்தது. தயாரிப்பாளர் முகவரியும் காலாவதித் தேதியும்தான் இல்லை.

“இது போலிதானே?” என்று கேட்டேன்.

“போலின்னு இல்ல சார், அதே மாதிரி. ஷைன் செமயா இருக்கும்.”

தோலில் படும் பொருளுக்கு ‘அதே மாதிரி’ போதாது, ஒவ்வாமை வந்தால் யாரைக் கேட்பது என்றேன். அவர் முகம் சுளிக்காமல் உள்ளே போய் அசலைக் கொண்டுவந்தார்.

அதில் முகவரி இருந்தது. தேதியும் இருந்தது. காலாவதியாகி எட்டு மாதம்.

“ரேட்டைக் கேட்டதும் எல்லாரும் வேணாம்னுடுறாங்க சார். அதான் அப்படியே நின்னுடுச்சு.”

இரண்டும் வேண்டாம் என்றேன்.

மனைவி எழுந்தாள். “உங்க ரூல்ஸ்படி பாத்தா என் நகமே எக்ஸ்பயரிதான். வாங்க, போலாம்.”

வரவேற்பில் யாரும் அவள் நகத்தைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள்.

போலியைத் தொழிலில் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். அவளும் படிப்பாள் என்பதை நினைவில் கொள்ளவும்.