வெஸ்ட்லி அழைப்புமணியில் ஒரு பெயர்

2006 அக்டோபர். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

ஓஸ்லோவில் என் கட்டுரையைப் படித்து முடித்ததும் நல்ல கைதட்டல். மதுரையிலிருந்து ஒருவன் வந்து அமெரிக்க வரலாறு பேசுகிறானே என்பதற்கே அதில் பாதி. நான் பேசியது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டைப் பற்றி. கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தால் போதும், ஆசிரியரோ நடிகரோ அரசு குமாஸ்தாவோ, விசாரணைக் குழு முன் உட்கார வைத்துவிடுவார்கள். நீ யார் என்பதோடு விட்டால் பரவாயில்லை. உன்னோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் யார், பெயரைச் சொல் என்பார்கள். சொன்னவர்கள் பெரும்பாலும் பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மறுத்தவர்களில் பலருக்கு வேலை போயிற்று, சிலர் சிறைக்கும் போனார்கள்.

கடைசி வரிசையில் ஒரு நார்வே அம்மாள் எழுந்தார். பெயர் சொன்னவர்கள் பிற்பாடு அந்த நண்பர்களின் வீட்டுக்குப் போனதுண்டா என்று கேட்டார். என்னிடம் ஆவணம் இல்லை என்றேன். சாமர்த்தியமான பதில் என்று சிரித்தார்கள். வெளியே நான்கு டிகிரி குளிர், எனக்குச் சட்டைக்குள் வியர்த்தது.

சனிக்கிழமை, மாலை மூன்றரை மணி.

சிவநேசனைப் பார்க்கக் கிளம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரன். சென்னையில் எம்.ஏ. படித்தபோது திருவல்லிக்கேணி மேன்ஷனில் இரண்டு வருஷம் இருவருக்கும் ஒரே அறை, ஒரே வாளி. என்னை "விசரா", அதாவது பைத்தியக்காரா, என்றுதான் கூப்பிடுவான். அவனைப் பார்த்துப் பதினைந்து வருஷமாகிறது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? அவனிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் இந்தக் கருத்தரங்குக்கே விண்ணப்பித்தேன். முந்தைய நாள் தொலைபேசியில் பேசியபோது முகவரி சொன்னான். ஐந்து மணிக்கு வெஸ்ட்லி ஸ்டேஷனில் நில், வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

ஐந்தாம் எண் மெட்ரோ ரயில். டிக்கெட் இருபது குரோன், நம் கணக்கில் நூற்று நாற்பது ரூபாய். கடைசி நிலையம்வரை அரைமணிக்குச் சற்று மேல். எதிரே பை நிறைய வெண்டைக்காயோடு ஒரு தமிழ்ப் பெண்மணி. நீங்கள் இந்தியாவா என்று அவரே பேச்சைத் தொடங்கினார். நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். இங்கே எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள், அழைப்புமணிப் பலகையில் அதுதான் இருக்கும், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கீழே நின்று திண்டாடுவார்கள் என்று சிரித்தார்.

"அவரின்ரை அப்பான்ரை பேர் தெரியுமே உங்களுக்கு?"

தெரியும் என்றேன். சொன்ன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ரொம்மன் நிலையத்தில் இறங்கிக்கொண்டார்.

நான்கு மணி பத்து நிமிடம். வெஸ்ட்லி.

ஸ்டேஷனில் நிற்கச் சொன்னவன் வர இன்னும் ஐம்பது நிமிடம். குளிரில் காது விறைத்துவிட்டது. பொறுமைக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது. முகவரியைக் காட்டி வழி கேட்டு, அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நானே நடந்தேன். பலகையில் ஐம்பது பெயர்களாவது இருக்கும். சிவநேசன் இல்லை. ஆறாவது மாடி வரிசையில் கனகசபை இருந்தது. அழுத்தினேன்.

கதவைத் திறந்தவனுக்குத் தலை முழுக்க நரை. கட்டிப்பிடித்து, உள்ளே இழுத்து, மனைவி வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, தேநீரும் ஊற்றிவிட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"நான் சென்னையிலை எல்லாருக்கும் க. சிவநேசன் எண்டுதான் சொன்னனான். அப்பான்ரை பேர் உனக்கு எப்பிடித் தெரியும்?"

நாலு விதமாகப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொண்ணூற்றொன்றில், முன்னாள் பிரதமர் கொலைக்குப் பிறகு, சென்னையில் ஈழத்தமிழர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று போலீஸார் தேடினார்கள். சிவநேசன் எங்கும் பதியாமல், நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பெரியசாமி அண்ணன் மெஸ்ஸின் மாடியில் ஒளிந்திருந்தான். மேன்ஷனுக்கு வந்து என்னை விசாரித்தவர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். கல்லூரி வேலைக்கான உத்தரவை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. பயந்துபோனேன். அறையில் அவன் விட்டுப்போயிருந்த பெட்டியைத் திறந்து, சான்றிதழைப் பார்த்து, பெயர், தந்தை பெயர், இருக்கும் இடம் எல்லாம் என் கையால் எழுதினேன். அவன் ஒன்பது மாதம் சிறப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தான். எனக்கு வேலை கிடைத்தது. இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

தேநீர் ஆறிவிட்டது. கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"நான் பெரியசாமி அண்ணன் எண்டெல்லோ நினைச்சிருந்தனான். நாலு கடிதம் போட்டவர். உடைக்காமலே கிழிச்சுப்போட்டன். மனுசன் இருக்கிறாரே?"

இருக்கிறார். சென்னைக்குப் போனால் இன்றும் அங்கேதான் சாப்பிடுகிறேன். சிவா தம்பி ஏன் பதிலே போடவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவனுக்கு வேலை அதிகம் என்பேன், கூச்சமில்லாமல். அதையும் சொன்னேன்.

எழுந்துபோய்த் தாள் எடுத்துவந்து எழுத உட்கார்ந்தான். ஒரு பக்கம். முடிக்க முக்கால் மணி நேரமாயிற்று.

மாலை ஆறரை மணி.

ஸ்டேஷன்வரை கூடவே வந்தான். ரயில் காத்து நின்றது. ஒட்டாத உறையை என் கையில் வைத்தான்.

"பிழையா நினைச்சிட்டன், மன்னியுங்கோ எண்டு எழுதியிருக்கிறன். ஆர் காட்டிக்குடுத்தது எண்டு எழுதேல்லை. உன்ரை பேர் அதிலை இல்லை."

நான் ஏறினேன்.

"அதை நீ போய்ச் சொல்லு. சொல்லிப்போட்டு எனக்கு எழுது."

விசரா என்று அவன் கடைசிவரை கூப்பிடவில்லை. கதவு மூடிய பிறகும் போகாமல் நின்றான். திங்கட்கிழமை விமானம், புதன்கிழமை திருவல்லிக்கேணி. மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. அண்ணன் வழக்கம்போலக் கேட்பார்.