அக்காவைக் கழித்த கணக்கு

நான் கருந்துளைகளை எடை போடுகிறவள். இதை எங்கள் ஊர் அரிமளத்தில் யாரும் நம்புவதில்லை. அம்மா நம்புவாள், ஆனால் மதிக்கமாட்டாள். "ஓட்டைக்கு ஏதுடி எடை? பானையில ஓட்டை விழுந்தா எடை கொறையத்தானே செய்யும்?" என்பாள்.

நீள்வட்ட விண்மீன்திரளின் நடுவே, கோடிக்கணக்கான சூரியன்களின் எடையோடு, ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும் கருந்துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைச் சுற்றி ஓடும் நட்சத்திரங்களின் வேகத்தை வைத்து மொத்த எடையைக் கண்டுபிடிப்போம். அதில் நட்சத்திரங்களின் எடையைக் கழித்தால் மிச்சம் கருந்துளை. இந்தக் கழித்தலுக்குத்தான் ஆறு வருடமாக நானும் என் லேப்டாப்பும் மல்லுக்கட்டுகிறோம்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தபோது நானும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பிள்ளை எடை குறைவாகப் பிறந்திருந்தான். "அடுத்த மாசமும் எடை ஏறலைன்னா அட்மிட் பண்ணிருவோம்" என்று புதுக்கோட்டை டாக்டரம்மா சொன்னதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமாகச் செய்து குவித்தாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

பச்சைப்பிள்ளையைத் தனியாக எடை மெஷினில் வைத்தால் கண்பட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம். விஞ்ஞானி சும்மா இருப்பேனா? அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும், அக்காவின் எடையைக் கழித்துக்கொள்வோம் என்றேன். முதல் ஞாயிறு அக்காவை மட்டும் நிறுத்திப் பார்த்து, 'ஐம்பத்திரண்டு' என்று காலண்டரில் பெரிதாக எழுதினேன். பிள்ளையோடு ஏறியபோது ஐம்பத்தைந்தே கால். ஆக, பிள்ளை மூன்றே கால்.

அடுத்த ஞாயிறும் ஐம்பத்தைந்தே கால். அதற்கடுத்த ஞாயிறும் அதே. முள் அசைவேனா என்றது. "ஏறலைக்கா. மெஷின் பொய் சொல்லாது" என்று ஒவ்வொரு வாரமும் தீர்ப்பு வாசித்தேன். அக்கா பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஐந்தாவது ஞாயிறும் அதே ஐம்பத்தைந்தே கால். வாயைத் திறக்கப் போனேன், பிள்ளை அக்காவின் சேலையை நனைத்துவிட்டான். "அடடா, இங்கிட்டுக் கொடு" என்று அம்மா பிள்ளையை வாங்கினாள். அக்கா இன்னும் மெஷின்மேல்தான் நின்றாள். முள் இறங்கி ஐம்பத்தொன்றில் நின்றது.

அக்கா ஒரு கிலோ இளைத்திருந்தாள். பிள்ளை ஒரு கிலோ ஏறி நாலே காலாகியிருந்தான்.

நட்சத்திரங்களின் எடையை ஒரே எண்ணாகப் பிடித்துக்கொண்டு கழித்தால் கருந்துளையின் எடை தப்பாகிவிடும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்!

கணக்கில் நடந்த தப்பைச் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஒன் படிப்புல இடி விழ! ஒரு மாசமா எம் பேரனை வளரவிடாமப் பண்ணிட்டியேடி! இவதான் வானத்தை அளக்குறாளாம்!" திட்டிக்கொண்டே பேரனுக்கு நெட்டி முறித்தாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. ஈரச் சேலையோடு மெஷினைவிட்டு இறங்காமல் நின்றாள்.

"அப்ப எம் பாலு அவனுக்குப் பத்துதுல்லடி?"

"பத்துதுக்கா" என்றேன். மூன்று வாரமாக அவளை ஏற்றி நிறுத்தி, பத்தவில்லை பத்தவில்லை என்றுதான் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.