பச்சைக் கோப்பை

எனக்கு இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள். போன மாதம் சின்னவன் கையில் பல்லுப் பதிந்த அடையாளத்தோடு பள்ளிக்கூடத்தால் வந்தான். அவன் வகுப்புப் பொடியன் ஒருவன் கடித்துவிட்டானாம். பெரியவன் சாட்சி. எனக்குப் பற்றி எரிந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டைத் தாய்மார்தான் முறை வைத்துச் சமைக்கிறோம். அடுத்த நாள் என் முறை. கடித்தவன் சோறு தின்னக் கொண்டுவரும் பச்சைக் கோப்பை எனக்குத் தெரியும். நல்ல உறைப்பான கொச்சிக்காய் மிளகாயை விதையோடு இடித்து, அந்தக் கோப்பையில் மட்டும் சோற்றுக்கு அடியில் வைத்தேன். 'இனிக் கடி பாப்பம்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம் கத்தியது என் சின்னவன். மூச்சு விட முடியாமல் இருமினான். பச்சைக் கோப்பை அவன் மடியில் இருந்தது. கடித்தவன்தான் ஓடிப்போய்ச் சீனி அள்ளி வந்து அவன் வாயில் போட்டான்.

மூச்சு வந்த பிறகு கேட்டேன்: "அவன்ட கோப்பை உனக்கு எப்படி மனே வந்த?"

"காலையிலேயே நாங்க கூட்டாளியாயிட்டம் அம்மா. கோப்பைய மாத்தித்தான் திண்ட."

"உறைப்புக் கூடிப்போச்சா கா?" என்றாள் கூடச் சமைத்தவள். நான் பச்சைக் கோப்பையை வாங்கிக் கழுவப் போனேன்.

இப்போது பிள்ளைகள் சண்டை பிடித்து வந்தால் காயத்தைக் கழுவிவிடுவதோடு சரி. அடுத்த நாள், "இன்னும் கோபமா?" என்று அவர்களிடமே கேட்பேன்.

"ஆரோட?" என்பார்கள்.

எனக்கு மட்டும் பெயர், வகுப்பு, கோப்பையின் நிறம் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

— ஒரு தாய், மண்டூர்