செமோர் கண்ணாடிக் கடை

திருச்சியில் எனக்கு இருபது வருடமாக ஒரே கண்ணாடிக்காரர்தான். என் இடக் கண்ணுக்கு மைனஸ் ஒன்பது, வலக் கண்ணுக்கு ஏழரை, இரண்டிலும் சிலிண்டர் பவர் வேறு. அவர் கடையை விட்டு வேறு கடைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கணவருக்கு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர் வேலை கிடைத்து நாங்கள் மலேசியாவுக்கு வந்தபோது, அரிசி முதல் ஆவக்காய் வரை எல்லாவற்றையும் யோசித்து மூட்டை கட்டினேன். கண்ணாடியைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. மூக்கில் இருப்பதை யார் மூட்டை கட்டுவார்கள்?

வந்த ஏழாம் மாதம் குளியலறையில் கால் வழுக்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியின் இடது வில்லை மட்டும் குறுக்கே விரிசல் விட்டது. பெட்டியில் இருந்த பழைய கண்ணாடி ஆறு வருடத்துக்கு முந்தைய பவர். அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. என் வேலை மெய்ப்புத் திருத்துவது. சென்னையில் ஒரு பாடநூல் பதிப்பகம் மின்னஞ்சலில் பக்கங்களை அனுப்பும், நான் திருத்தி அனுப்புவேன். ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரிந்தால் அன்றோடு அந்த வேலை போயிற்று. வெள்ளெழுத்து வேறு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

நாங்கள் வாடகைக்கு இருந்தது ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், வரிசை வீடுகளில் ஒன்று. ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டம் இப்போது வீடுகளாகிவிட்டது. அவர் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டையும் கறையும் பார்த்துக் கழிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஒரே மகள் கோலாலம்பூரில் வேலையில் இருந்தாள். நாங்கள் குடிவந்த நாளே ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து, எங்கே மீன் வாங்கலாம், எந்த நாளில் குப்பை லாரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

விரிசல் விட்ட கண்ணாடியைக் காட்டியதும் சொன்னார்: "செமோருக்குப் போலாம் தங்கச்சி. அங்க ஒரு சீன தவுக்கே கடை இருக்கு. எஸ்டேட் ஆளுங்க எல்லாம் அவன்கிட்டதான் கண்ணாடி போடுவோம். நல்லா பார்ப்பான்லா."

நான் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் வேறு நினைத்தேன். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களுக்குக் கண்ணாடி போட்ட கடைக்கு என் மைனஸ் ஒன்பது என்ன புரியும் என்று நினைத்தேன். இதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது அதைத்தான்.

"இல்லக்கா, பெரிய கடையா பாப்போம். நம்பர் ரொம்ப ஜாஸ்தி," என்றேன்.

"ஓகேலா. சனிக்கிழம எனக்கு லீவு. நானே காடில கூட்டிட்டுப் போறேன்," என்றார். காடி என்றால் அங்கே கார்.

அப்படித் தொடங்கியது. முதலில் ஒரு பேரங்காடிக்குள் இருந்த பளபளப்பான கடை. ஒரு பெண் என்னை இயந்திரத்தின் முன் உட்காரவைத்தாள். இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டு வந்தது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே வில்லையில் புரோகிரசிவ் போட்டால் வசதி என்றாள். அவளுக்குத் தெரிந்தது விலைப்பட்டியல் மட்டும்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த கண்ணாடியைப் போட்டதும் கடையின் தரை என் காலடியிலிருந்து சரிந்தது. படியில் இறங்கப் பயமாக இருந்தது. பக்கங்களைத் திருத்த உட்கார்ந்தால் அரை மணியில் பின்மண்டையில் வலி.

திரும்பிப் போனோம். "பழகணும் மேடம்," என்றார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை மேலாளர் வந்தார். என் கண் சற்று வித்தியாசமான கண் என்றார், ஏதோ குற்றம் செய்தவளிடம் சொல்வதுபோல. வீட்டில் கணவரும், "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு," என்றார்.

அந்தக் கடையில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். கூட வருபவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. அக்கா அதன் முன் சற்று நேரம் நின்றார். "நானும் ஒருதரம் பாத்துக்கவா? எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

எனக்குத் தலை வலித்தது. அந்த மேலாளர் மேல் கோபம் வேறு. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்க்கா, வீட்ல சமையல் அப்படியே கெடக்கு," என்றேன். அவர் கார் சாவியை எடுத்தார்.

அடுத்தது நகரத்தில் ஒரு தமிழர் கடை. மொழி தெரிந்தவர் என்றால் என் சிக்கலைச் சொல்லிப் புரியவைக்கலாம் என்ற ஆசை. அவரும் நன்றாகத்தான் பேசினார், திருச்சி மலைக்கோட்டையைப் பற்றி, தன் தாத்தா ஊரைப் பற்றி. பேச்சுக்கு நடுவே தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை என் மூக்கின் மேல் வைத்து இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார். விரிசல் விட்ட கண்ணாடியில் இருந்த பவரை அப்படியே எடுத்து எழுதினார். அந்தக் கண்ணாடியில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கல் எழுத்து நின்றது. திருப்பிக் கொண்டுபோனபோது மலைக்கோட்டைப் பேச்சு இல்லை. "நான் போட்டது கரெக்ட்டுதான். நீங்க டாக்டரத்தான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படி ஏழெட்டுச் சனிக்கிழமை போயிற்று. எல்லா நாளும் அக்காதான் கார் ஓட்டினார். அவர் ஓட்டுவது எனக்குக் கலக்கமாக இருக்கும். காரின் இடப்பக்கம் முழுக்கக் கீறல், வீட்டு வாசல் தூணில் உரசி உரசி வந்தது. ஒருநாள் இடப்பக்கம் வந்த மோட்டார் சைக்கிளை அவர் பார்க்கவே இல்லை. நான் கத்தினேன், அவர் பிரேக் போட்டார். அந்த மலாய்க்காரர் திரும்பித் திரும்பித் திட்டிக்கொண்டே போனார்.

"எங்கேர்ந்து வந்தான் இவன்?" என்றார் அக்கா.

பார்த்து ஓட்டத் தெரியாதவரிடம் உயிரைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தேன். கண்ணைப் பற்றி வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பற்றி ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல்தான் செமோருக்குப் போனேன். பழைய கடைவரிசையில் ஒடுக்கமான கடை. தவுக்கேக்கு, அதாவது கடை முதலாளிக்கு, அறுபது வயதிருக்கும். என்னிடம் ஆங்கிலத்திலும் அக்காவிடம் மலாயிலும் பேசினார். முதலில் என் மூன்று கண்ணாடிகளையும் வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பார்த்துத் தாளில் குறித்தார். பிறகு என்னை உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். இதுவா, அதுவா? மறுபடி இதுவா? ஒரு மணி நேரம். பேரங்காடிக் கடையில் வில்லையின் மையத்தைத் தப்பாக வைத்திருந்தார்கள். தமிழர் எழுதியது பழைய பவர், என் கண் அதற்குள் மாறியிருந்தது. படிக்க ஒன்று, வெளியே போக ஒன்று என்று இரண்டு தனிக் கண்ணாடி போடச் சொன்னார்.

பத்து நாள் கழித்து வாங்கப் போனோம். போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே நடைபாதையில் நடந்து பார்க்கச் சொன்னார். நடந்தேன். தரை தரையாக இருந்தது. எதிர்க் கடைப் பலகையின் எழுத்துகளும் தூரத்துச் சுண்ணாம்பு மலையின் விளிம்பில் நின்ற மரங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைவரிசையின் முனை வரை நடந்துபோய்த் திரும்பி, மறுபடி நடந்தேன்.

உள்ளே வந்தபோது அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தவுக்கே அவரை ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, கண்ணில் காற்றை அடித்து எதையோ அளந்துகொண்டிருந்தார். இடக் கண்ணை மூன்று முறை அளந்தார். பிறகு அக்காவிடம் மலாயில் நிறையச் சொன்னார். எனக்கு மலாய் கடைவீதி அளவுக்குத்தான். 'செபாட்' என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது. செபாட் என்றால் சீக்கிரம். அது எனக்குத் தெரியும். பிறகு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார்.

"என்னக்கா சொல்றாரு?" என்றேன் காருக்குப் போகும்போது.

"ஒன்னும் இல்லலா. பிரஷர் இருக்காம். ஆஸ்பத்திரில இந்த லெட்டர குடுக்க சொல்றான்."

"யாருக்குத்தான்க்கா இந்த வயசுல பிரஷர் இல்ல?" என்றேன்.

அவரும் சிரித்தார். உறையை என்னிடம் நீட்டினார். "ஒன் பேக்ல வச்சிக்கோ தங்கச்சி. எங்கிட்ட பேக் இல்ல. வூட்டுக்குப் போயி வாங்கிக்கிறேன்."

கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தேன். வழியெல்லாம் கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கினேன், நன்றி சொன்னேன், உள்ளே போனேன். கடிதம் என் பையிலேயே இருந்துவிட்டது.

மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மூன்று வாரம் கழித்துத் துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டார்: "அந்த லெட்டரு ஒங்கிட்டதான இருக்கு?"

"இருக்குக்கா, எடுத்துத் தரேன்," என்றேன். அன்று மாலைக்குள் நாற்பது பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. புதுக் கண்ணாடியில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன் தொழிற்சாலையில் ஓவர்டைம். நான் வேறு பை வாங்கி, பழையதை அலமாரியில் மாட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, விசா புதுப்பிக்க ஏதோ ஒரு ரசீது வேண்டும் என்று பழைய பையைக் குடைந்தபோது உறை கையில் வந்தது. ஒட்டாத உறை. பிரித்துப் படித்தேன். ஆங்கிலம். இடக் கண்ணில் அழுத்தம் மிக அதிகம், பக்கப் பார்வை குறைந்திருக்கிறது, வலக் கண்ணையும் பார்க்க வேண்டும், அவசரம். நோயின் பெயரும் இருந்தது. அந்தப் பெயரின் எழுத்துப்பிழையை நானே ஓர் அறிவியல் பாடநூலில் திருத்தியிருக்கிறேன். பார்வை மெல்லப் போகும், போனது திரும்பாது என்ற வரியும் அதே பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்த வீட்டுக்கு ஓடினேன். காலை ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தலையும் வாலும் இல்லாமல் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "ரத்த பிரஷர் இல்லையா இது?" என்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். நாள்காட்டியைப் பார்த்தார். கையை எடுத்தார்.

மறுநாள் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். வரிசை, சொட்டு மருந்து, மறுபடி வரிசை. இளம் மருத்துவர் ஒருவர், மலாய்ப் பெண், பொறுமையாகப் பேசினார். இடக் கண்ணில் நடுவில் கொஞ்சம் பார்வைதான் மிச்சம். வலக் கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, மருந்தை விடாமல் போட்டால் அதைக் காப்பாற்றலாம். நான்தான் ஆங்கிலத்தில் கேட்டேன்: மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால்? சொல்வது கடினம் என்றார். பெரும்பகுதி வருடக்கணக்கில் போயிருக்கும், கொஞ்சம் இப்போது போயிருக்கலாம் என்றார். இந்தப் பதிலின் முதல் பாதியை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அக்காவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். வாடகைக் காரில் வீடு திரும்பினோம். இறங்கும்போது சொன்னார்: "நீ படிச்ச பொண்ணுன்னுதான் ஒங்கிட்ட குடுத்தேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன், நீங்களும் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திட்ட வந்தவள் மகள். கோலாலம்பூரிலிருந்து அந்த வாரமே வந்து, எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. "ஆன்ட்டி, எத்தன சனிக்கெழம அம்மா ஒங்களுக்காக ஓடுனாங்க? நீங்க ஒரு லெட்டர எடுத்துக் குடுக்கல. பக்கத்து வூடுதான?"

என் கணவர் வெளியே வந்து ஏதோ சமாதானம் சொன்னார். பிறகு என்னிடம், "நீ வேணும்னா செஞ்ச?" என்றார். வேண்டுமென்று செய்திருந்தால் அதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அக்கா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், கார் விற்றுப்போயிற்று. தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலையிலிருந்து பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டே செய்யும் வேலை. மருத்துவமனைக்குக் கூட வரவா என்று இரண்டு முறை கேட்டேன். "வேணாம்லா, ஒனக்கு வேல இருக்கும்," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பலகாரத் தட்டு வருவது நின்றது. பார்த்தால் சிரிப்பார். வேலிப் பக்கம் என் குரல் கேட்டால் சில நாள் உள்ளே போய்விடுவார்.

இந்த வருடம் எனக்குப் பவர் பார்க்க வேண்டியிருந்தது. செமோருக்குத் தனியாக வாடகைக் காரில் போனேன். தவுக்கேக்கு என்னை நினைவிருந்தது. சோதனைச் சட்டத்தை என் காதுகளில் மாட்டிக்கொண்டே, கூட வந்த அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மருந்து போட்டுக்கொண்டு வருகிறார் என்றேன்.

"நல்லது. அந்த வாரமே போனார்தானே?"

"ஆமாம்," என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, முதல் வில்லையைச் சட்டத்தில் செருகினார். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேலிருந்து படிக்கத் தொடங்கினேன்.